140 சென்டிமீட்டர் கோடு: கொல்லிமலைப் பிள்ளைகளோடு நான் போன அந்த ஒருநாள் டூர்!

போன வாரம் டெஸ்க்கில் எனக்கு ஒரு ஜாலியான வேலை வந்தது. தென் கொரியாவின் தீம் பார்க்குகள் பற்றி ஒரு போட்டோ ஸ்டோரி. யோங்இன் நகரில் 1976-ல் தொடங்கிய எவர்லேண்ட், சியோல் நகருக்குள்ளேயே 1989-ல் திறந்த லோட்டே வேர்ல்டு என்று படங்களைத் தேடித் தேடி கேப்ஷன் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தகவல் சிரிப்பை வரவழைத்தது. அங்கே படிப்பெல்லாம் முடித்து வேலைக்குப் போகிறவர்கள்கூட, ஸ்கூல் யூனிஃபார்மை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு லோட்டே வேர்ல்டுக்குப் போகிறார்களாம். பள்ளி நாள்களைத் திரும்ப வாழ்ந்து பார்க்கிற ஆசை.

'யூனிஃபார்மில் தீம் பார்க்' என்று டைப் செய்யும்போது கை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்து 41 பிள்ளைகள் அப்படிப் போனார்கள். வாடகை யூனிஃபார்ம் கிடையாது. வீட்டில் இருப்பதிலேயே நல்ல உடுப்பு பலருக்கு அதுதான் என்பதால் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போன டீச்சர் நான்.

அப்போது டிகிரி முடித்திருந்தேன். ஜர்னலிசம் டிப்ளமோ சேர்வதற்கு முன் கையில் ஒரு வருடம் இருந்தது. கொல்லிமலையில் ஒரு பள்ளியில் தற்காலிக இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கம். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எனக்குத் தலை நிற்கவில்லை. குதிரையில் கம்பீரமாக இருந்த வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடையெழு வள்ளல்களில் ஒருவர் ஊருக்கு வந்த என் வருகை அப்படித்தான் இருந்தது.

பிள்ளைகளுக்கு நான் 'கீழேயிருந்து வந்த டீச்சர்'. அவர்களுக்கு நாமக்கல், சேலம், சென்னை எல்லாமே 'கீழே'தான். என் வகுப்பில் பெரும்பாலானவர்கள் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள். மலையாளி என்றதும் கேரளாவை நினைக்காதீர்கள். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை, சேர்வராயன்மலைப் பகுதிகளில் வாழும் மக்களின் பெயர் அது. பேசுவது தமிழ். நான் பேசுவதைப் பார்த்து, "கீழே எல்லாரும் இவ்வளவு வேகமாத்தான் பேசுவாங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள்.

ஒருநாள் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். 'நீங்கள் போக ஆசைப்படும் இடம்' என்று இங்கிலீஷில் ஐந்து வரி எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தார்கள். ஸ்பெல்லிங் திருத்தி, டிக் போட்டு, திருப்பிக் கொடுத்தேன். அதில் ஒருவன் எழுதியிருந்த தீம் பார்க் மட்டும் என் மனதில் ஒட்டிக்கொண்டது.

காரணம் இருக்கிறது. நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் தீம் பார்க் டூர் போனார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதம் பணம் இல்லை. போகவில்லை. மறுநாள் வகுப்பு முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மதியம் வரை நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மதியத்தை இந்தப் பிள்ளைகளுக்கு வரவிடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஹெச்.எம். சார் சொல்லிப் பார்த்தார். "ஏம்மா, மேட்டூர் டேம் மாதிரி எங்கயாவது போகலாமே. செலவும் கம்மி." நான் விடவில்லை. "சார், ஒரு தடவையாவது இதுங்க இதெல்லாம் பார்க்கணும் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆளுக்கு 700 ரூபாய். டிக்கெட், வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து. கீழே இருப்பவர்களுக்கு அது ஒரு பீட்சா விலையாக இருக்கலாம். அங்கே மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் கூலியிலிருந்தும், காப்பிப் பழம் பறித்த கூலியிலிருந்தும் அந்தப் பணம் வர வேண்டும். ஒரு பாட்டி, சோளக்காடு சந்தையில் வாழைத்தார் விற்ற பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, பத்தும் இருபதுமாக என் மேசையில் எண்ணி வைத்தார். "பேரன் ராத்திரியெல்லாம் தூங்கல தாயி. பத்திரமா கூட்டிட்டு வந்துடு" என்றார். நாலு பிள்ளைகளுக்கு என் சம்பளத்திலிருந்து போட்டேன். மொத்தம் 41 பேர். ஆறாவது முதல் எட்டாவது வரை.

பூங்காவுக்கு நானே போன் செய்தேன். பெயர் வேண்டாமே. "ஸ்கூல் குரூப்புக்கு டிஸ்கவுன்ட் உண்டு மேடம். எல்லா ரைடும் அன்லிமிடெட்" என்றார்கள். டிக்கெட் விலை கேட்டேன். திறக்கும் நேரம் கேட்டேன். வேன் நிறுத்த இடம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

2023 பிப்ரவரி. அதிகாலை மூன்றரை மணிக்குச் செம்மேட்டில் பிள்ளைகள் தயார். நல்ல குளிர். தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி, துவைத்த யூனிஃபார்ம். பெரிய டூரிஸ்ட் பஸ்ஸுக்கு அந்த வளைவுகள் தோதுப்படாது என்பதால் இரண்டு வேன். இறங்கும்போது ஒவ்வொரு வளைவையும் சத்தம் போட்டு எண்ணினார்கள். வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம், பாலித்தீன் கவர் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். முதல் கவர் எனக்குத்தான் பயன்பட்டது. "டீச்சருக்குத் தண்ணி குடுங்கடா" என்று ஆறாவது பையன் ஒருவன் என் முதுகைத் தட்டிவிட்டான்.

விடிந்த பிறகு ஒரு ரயில்வே கேட்டில் வேன் நின்றது. தூரத்தில் சத்தம் கேட்டதும் 41 பேரும் ஜன்னல் பக்கம் குவிந்துவிட்டார்கள். கொல்லிமலையில் ரயில் ஏது? பெரும்பாலானவர்கள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. ரயில் கடந்துபோனது. மொத்த வேனும் அமைதி. பிறகு 18 பெட்டியா, 19 பெட்டியா என்று பெரிய சண்டை. "அண்ணே, இன்னொரு ரயில் வருமாண்ணே? கொஞ்ச நேரம் நிக்கலாமாண்ணே?" என்று டிரைவரிடம் கெஞ்சினார்கள். நான் வாட்சைப் பார்த்தேன். "நேரமாச்சு, கிளம்புங்கண்ணா" என்றேன். அவர்களைவிட எனக்குத்தான் அவசரம்.

பூங்கா வாசலில் பெரிதாக ஒரு சிரிக்கும் பொம்மை. "டீச்சர், கொல்லிப்பாவை மாதிரியே சிரிக்குது" என்றாள் ஒருத்தி. கொல்லிமலையில் எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவை என்று கும்பிடுகிறார்கள். சிரித்து மயக்கி ஆளைக் கொல்லும் பாவை என்று பழங்கதை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நாளில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த இடத்தில்தான்.

உள்ளே நுழைந்ததும் ஒரு கம்பம். அதில் சிவப்புக் கோடு. பக்கத்தில் என் வயதுதான் இருக்கும், ஒரு இளைஞர். "ஒவ்வொருத்தரா வந்து நில்லுங்க. 140 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா பச்சை பேண்டு. கீழே இருந்தா மஞ்சள். மஞ்சள் பேண்டுக்குப் பெரிய ரைடு கிடையாது."

ஒரு ஆறாவது பையன் நுனிக்காலில் நின்றான். வேனில் என் முதுகைத் தட்டியவன்தான். "குதிகாலைக் கீழே வைப்பா" என்றார் அவர். வைத்தான். கோடு அவன் தலைக்கு மேலே போய்விட்டது. எட்டாவது படிக்கும் ஒரு பெண் கொண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கொண்டை கோட்டைத் தொட்டது. அவர் மெதுவாகக் கொண்டையை அமுக்கிப் பார்த்துவிட்டு மஞ்சள் பேண்டை எடுத்தார். அவள் தன்னைவிடச் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு போய் நின்றுகொண்டாள்.

அளந்து முடித்தபோது பச்சை 17. மஞ்சள் 24.

நான் சண்டை போட்டேன். "போன்ல எல்லா ரைடும்னு சொன்னீங்களே?" "போர்டுல எழுதியிருக்கு மேடம்." "அப்போ மஞ்சள் பேண்டுக்கு டிக்கெட்டைக் குறைங்க." "குரூப் டிக்கெட் ஒரே ரேட்தான் மேடம்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

இன்று யோசித்தால், அளந்ததில் அவர் மேல் தப்பே கிடையாது. ரைடில் நம் தோளையும் மடியையும் பிடித்து வைக்கும் கம்பிகள் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்காகச் செய்யப்பட்டவை. உடம்பு அதைவிடச் சின்னதாக இருந்தால், தலைகீழாகும்போது நழுவிவிடும். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்னி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்த செய்தியைப் படித்தபோது, 'குதிகாலைக் கீழே வைப்பா' என்ற அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது. விதியை விட்டுக்கொடுக்காத ஒருவர் அங்கே இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

ஆனால், அன்று எனக்கு அந்த நியாயமெல்லாம் ஏறவில்லை. அடுத்தடுத்து அடிதான். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்றார்கள். கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை வேன் நிற்கும் இடத்துக்குத் திரும்பிப் போய், வெயிலில் நின்று சாப்பிட்டோம். சரி, தண்ணீரிலாவது ஆடட்டும் என்றால், நீச்சல்குளத்தில் பருத்தித் துணிக்கு அனுமதி இல்லை. நைலான் உடை வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆளுக்கு 100 ரூபாய், டெபாசிட் தனி. 41 பேருக்கு என்னிடம் ஏது?

குளத்துக்குப் பின்னால் சிமென்ட்டில் கட்டிய ஒரு செயற்கை அருவி. பாட்டுச் சத்தத்தோடு தண்ணீர் கொட்டியது. பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். "டீச்சர், இந்தத் தண்ணி எந்த ஆத்துல இருந்து வருது?" "மோட்டார்ல ஏத்துறாங்கடா." "அப்போ கரன்ட் போனா அருவி நின்னுடுமா?"

ஐயாறு 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கைக்குப் பக்கத்தில் வாழ்கிற பிள்ளைகள் அவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை மூச்சு வாங்காமல் இறங்கி ஏறுகிறவர்கள். 'நம்ம அருவிதான் பெருசு' என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. அந்த சிமென்ட் அருவியில் குளிக்கத்தான் அவர்களுக்கு ஆசை. வேலியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்கள்.

மஞ்சள் பேண்டு 24 பேருக்கும் ராட்டினம், குட்டி ரயில், யானை பொம்மை. ஏழாவது படிக்கும் பையன்கள் யானை பொம்மையில் உட்கார்ந்து, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார்கள்.

பச்சை பேண்டு பிள்ளைகள் பெரிய ரைடு ஒன்றை முடித்துவிட்டு வந்தார்கள். முகமெல்லாம் மின்னியது. மஞ்சள் பேண்டு கூட்டத்தைப் பார்த்ததும் ஒருவன் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டான். "ஒண்ணுமே இல்லடா. நம்ம மலை பஸ்ஸே பரவாயில்ல" என்றான். "ஆமாடா, சும்மா சுத்துது, அவ்வளவுதான்" என்றாள் இன்னொருத்தி. சின்னப் பிள்ளைகள் நம்பினார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கிறேன், அந்த இருவரும் யாருக்கும் தெரியாமல் அதே ரைடின் வரிசையில் மறுபடி நிற்கிறார்கள்.

அந்தப் பொய்யை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் ஏழாம் வகுப்பு மதியத்தில் அப்படி ஒரு பொய் சொல்ல எனக்கு யாரும் இல்லை.

திரும்பும்போது வேன் அமைதியாக இருந்தது. வளைவுகளை யாரும் எண்ணவில்லை. பெரும்பாலானவர்கள் தூங்கிவிட்டார்கள். நுனிக்காலில் நின்ற பையன் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மஞ்சள் பேண்டைக் கழற்றாமல் வைத்திருந்தான்.

"டீச்சர், நான் 131-னு அந்த அண்ணன் சொன்னாரு. அடுத்த வருஷம் 140 ஆயிடுவேனா?"

"ஆயிடுவடா."

"அப்போ அடுத்த வருஷமும் இங்கயே கூட்டிட்டு வருவீங்களா?"

அதற்கும் தலையாட்டினேன். மே மாதத்தோடு என் வேலை முடிகிறது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் 'என் சுற்றுலா' என்று எழுதச் சொன்னேன். என்ன எழுதுவார்களோ என்று பயம். நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒவ்வொன்றாகப் படித்தேன். 41 பேரில் 29 பேர் ரயிலைப் பற்றி எழுதியிருந்தார்கள். 19 பெட்டி என்று சிலர், 18-தான் என்று சிலர். நோட்டிலும் சண்டை தொடர்ந்தது. வழியில் ஹோட்டலில் சாப்பிட்ட பரோட்டாவைப் பற்றி ஒருத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். 'கீழே ரோடு வளையவே இல்லை. டிரைவர் அண்ணன் தூங்கிவிடுவாரோ என்று பயந்தேன்' என்று ஒருவன்.

சந்தேகம் வந்து, பழைய பக்கங்களைப் புரட்டினேன். 'நீங்கள் போக ஆசைப்படும் இடம்.' நான் டிக் போட்டுக் கொடுத்த அதே ஐந்து வரிகள். ரயிலில் போக வேண்டும் என்று பாதிக்கு மேல் எழுதியிருந்தார்கள். கடல் என்று சிலர். திருப்பூரில் அம்மா வேலை பார்க்கும் இடம் என்று இரண்டு பேர். தீம் பார்க் என்று எழுதியது மூன்றே மூன்று பேர். நான் ஸ்பெல்லிங்கைத்தான் படித்திருக்கிறேன். அவர்கள் சொன்னதைப் படிக்கவில்லை.

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு ரயில் போகிறது. அதில் ஏற்றி, சேலத்தில் இறக்கி, பரோட்டா வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்திருந்தால் அந்த 700 ரூபாயில் பாதிகூட ஆகியிருக்காது. யாரையும் கம்பத்தில் நிறுத்தி அளந்திருக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்றையும் பார்த்தேன். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு எழுதிவைத்த உயரம், எடைப் பதிவேடு ஆபீஸ் அலமாரியிலேயே இருந்தது. ஒரு வருடமாக நான் அதைத் திறக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 11 வயதில் சராசரி உயரம் 143 முதல் 145 செ.மீ. அதனால் ஆறாவது பிள்ளைகள் 140-க்குக் கீழே இருப்பது எந்த ஊரிலும் சகஜம். ஆனால், 13 வயதில் சராசரி 156. அந்த வயதில் 140-ஐத் தொடாமல் இருந்தால் அது வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை என்று பொருள். என் மஞ்சள் பேண்டு பிள்ளைகளில் ஆறு பேர் எட்டாம் வகுப்பு. கொண்டை போட்டுக்கொண்டு வந்தவள் அதில் ஒருத்தி.

கருவில் தொடங்கி இரண்டு வயது வரையிலான முதல் 1,000 நாள்களில் கிடைக்கும் சத்து, உயரத்தில் பெரும் பங்கு வகிக்கிறது என்கிறார்கள் மருத்துவர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாலில் ஒரு குழந்தை. இது ஆய்வறிக்கையில் ஒரு வரி. பூங்கா வாசலில் அது ஒரு சிவப்புக் கோடாக நின்றதைத்தான் நான் பார்த்தேன். ஹெச்.எம். சாரிடம் சொன்னேன். அந்த ஆறு பேரையும் மறுபடி மருத்துவக் குழுவிடம் காட்டச் சொல்லி எழுதிவைத்தார். அந்த வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

இதைப் படிக்கும் டீச்சர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகும் முன் போனில் நாலு கேள்வி கேளுங்கள். எந்த உயரத்துக்கு எந்த ரைடு? தண்ணீரில் இறங்க என்ன உடை? சாப்பாடு கொண்டுவரலாமா? அன்று எந்தெந்த ரைடு ஓடும்? அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். பதிலைப் பொறுமையாகக் கேட்கவும் வேண்டும்.

கொரியா போட்டோ ஸ்டோரியை முடித்து அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலம் பழைய நம்பர் ஒன்றுக்குப் போன் செய்தேன். சந்தையில் வாழைத்தார் விற்கும் அதே பாட்டி வீட்டு நம்பர். எடுத்தது பேரன். குரல் உடைந்து, ஆள் மாறியிருந்தது. ஒன்பதாவது படிக்கிறான்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றான். நான் அடுத்து என்ன பேசுவது என்று யோசிக்கும் முன் அவனே சொன்னான்.

"டீச்சர், நான் இப்போ 157."

வேறு எதைப் பற்றியும் நாங்கள் இன்னும் பேச ஆரம்பித்திருக்கவில்லை. மூன்று வருடமாக அவன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டதைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"சூப்பர்டா" என்றேன். தொண்டை அடைத்தது. "லீவு விட்டதும் பாட்டியைக் கூட்டிட்டு நாமக்கல் வரைக்கும் வா. ரயில்ல போகலாம்."

"எத்தனை பெட்டி இருக்கும் டீச்சர்?" என்று கேட்டான்.

"ஏறுறதுக்கு முன்னாடி எண்ணிப் பார்த்துடலாம்" என்றேன்.